கையக்காவின் முதன்மை உரை

மாட்டேன் என்று சொல்வதற்குக் குறைந்தது மூன்று வாக்கியமாவது வேண்டும். ஏன் மாட்டேன், எனக்குப் பதிலாக யார் செய்யலாம், தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள் என்று வரிசையாகச் சொல்லியாக வேண்டும். சரி என்பதற்குத் தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். பேச்சு என்றாலே காத தூரம் ஓடுகிற கையக்கா, இத்தனை பெரிய பேச்சில் போய் மாட்டிக்கொண்டது இந்தக் கணக்கினால்தான்.

அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் மேலாளர் அவளைத் தம் அறைக்கு வரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"வருஷா வருஷம் நம்ம கம்பெனி மாநாட்டுக்கு வெளியிலேர்ந்து ஒரு பெரிய மனுஷனைக் கூட்டிட்டு வர்றோம். அவர் பேசறார், நாம தூங்கறோம். இந்த வருஷம் நம்ம ஆளுதான் பேசணும்னு தலைமை அலுவலகத்துல முடிவு பண்ணிட்டாங்க. முதன்மை உரை. இன்றைய தலைமையைப் பத்தியும், ஒரு மனுஷன் தன்னைத் தானே புதுசாக்கிக்கறதைப் பத்தியும். உங்களைத்தான் கேக்கறாங்க. என்ன சொல்றீங்க?"

கையக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்து, சாத்திய கதவின் முன்னால் நின்று, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று யோசித்தாள். மறுபடி உள்ளே போய் மாட்டேன் என்று சொல்ல இப்போது ஐந்து வாக்கியம் வேண்டும். பேசாமல் வேலைக்குத் திரும்பினாள்.

அவள் சிறுவயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் உதடு அசையும், சத்தம் வராது. "ரேடியோ ரிப்பேரா?" என்பார் வாத்தியார். வகுப்பு சிரித்து ஓயும்வரை அவள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது, வீட்டையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்ள அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. வாசிக்கச் சொல்கிற வேளை போனதில் இல்லை.

பேசாதவளுக்குக் கண் அதிகம். யார் எதை எங்கே வைக்கிறார்கள், யார் முகம் எப்போது வாடுகிறது, எந்தக் கதவு எப்படிக் கிறீச்சிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணமாகி வந்த வீட்டில் அவளுக்கு நேர் எதிராக ஒரு நாத்தனார் இருந்தாள். கணவனின் தங்கை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். இரண்டு பேருக்கும் ஒத்துவராது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது, இன்னொருத்திக்குத் தனக்காகப் பேச ஆள் வேண்டியிருந்தது. வேறென்ன வேண்டும்?

நாத்தனார்தான் அவளைச் சலவைக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். ஊரில் உள்ள மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துத் தருகிற இடம் அது. ஆள் உயரத்துக்கு வாஷிங் மெஷின்கள் சுவரோரம் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு எதிரே காய வைக்கும் மெஷின்கள். நடுவில் ரோலர். ஒரு அறையின் நீளத்துக்குக் கிடக்கும் சூடான இஸ்திரி உருளை. ஈரம் வற்றாத படுக்கை விரிப்பை இந்த முனையில் ஒருத்தியும் அந்த முனையில் ஒருத்தியும் பிடித்து, ஒரே வேகத்தில் உள்ளே விட வேண்டும். ஒரு கை முந்தினாலும் துணி கோணிக்கொண்டு சுருங்கும். இரண்டு கையும் ஒத்துப்போனால், புதுக் காகிதம் போல மறுபக்கம் வந்து விழும்.

"எங்க அண்ணி அதிகம் பேச மாட்டாங்க," என்று வேலைக்கு ஆள் எடுத்தவரிடம் நாத்தனார் சொன்னாள். "நீங்க கேக்கற கேள்வியெல்லாம் என்னைக் கேளுங்க. சரியான பதில் வேணும்னா மட்டும் அவங்களைக் கேளுங்க."

உள்ளே காலடி வைத்த முதல் நாளே கையக்காவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. அவ்வளவு சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசினாலே காதில் விழாது. பேச வராதவளுக்கும் பேச்சை நிறுத்தத் தெரியாதவளுக்கும் அங்கே ஒரே மரியாதைதான். உலகத்தில் இப்படி ஒரு இடம் இருப்பதை இத்தனை நாள் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது அவளுக்கு.

மற்றவர்கள் கத்தினார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மாலையில் வீட்டுக்குப் போய்ச் சைகையில் சோறு கேட்டார்கள். அவள் கத்தவில்லை. கத்த வராது. ரோலரின் மறுமுனையில் நின்ற நாத்தனாருக்கு உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்திக் காட்டினாள். மெதுவாக விடு என்று அர்த்தம். இரண்டு கையையும் அகல விரித்தால், பெரிய தள்ளுவண்டியைக் கொண்டு வா. மார்பின்மேல் கைகளைக் குறுக்கே வைத்தால், உடனே மெஷினை நிறுத்து. தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி விரல்களைக் கோத்துக்கொண்டால், வேலை முடிந்தது, கிளம்பலாம். மூக்கு நுனியைச் சொறிந்தால், மேலாளர் வருகிறார். இந்தக் கடைசிச் சைகை நாத்தனார் சேர்த்தது.

இரண்டு பேருக்குள் இருந்த சைகைகள் மெல்ல மெல்லக் கூடம் முழுவதும் பரவின. கைகள் மெஷினில் மாட்டுவது நின்றது. புதிதாய்ச் சேருபவர்களுக்கு முதலில் சைகையைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் துணியைத் தொட விட்டார்கள். மற்ற ஊர்க் கிளைகளிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கையக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றபோது, கையக்காவையே போட வேண்டும் என்று கூடமே கேட்டது. அன்று நாத்தனார் காலி தள்ளுவண்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டினாள். மறுநாள் காலையில் ரோலரின் ஒரு முனையில் வேறு ஒருத்தி நின்றாள். அதைப் பற்றி அண்ணியும் பேசவில்லை, நாத்தனாரும் பேசவில்லை. நாத்தனார் பேசாமல் விட்ட விஷயம் அவள் ஆயுளில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதன்மை உரைக்கு உதவி செய்யத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பயிற்சி மேடம் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல மாதிரி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவள். அப்படிக் காத்திருப்பவர்கள் உலகத்தில் குறைவு என்பது கையக்காவுக்குத் தெரியும்.

"எனக்குச் சத்தம் வராது மேடம்," என்றாள் கையக்கா, முதல் வேலையாக.

"மைக்கைக் கண்டுபிடிச்சதே உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான்க்கா. கத்தறவங்களுக்கு எதுக்கு மைக்? நீங்க உங்க வீட்டுக்காரர் காதுல சொல்ற மாதிரி சொல்லுங்க, மண்டபம் பூரா கேக்கும்."

"அவர் காதுலயே விழாது மேடம். லிஃப்ட் மெக்கானிக், எந்நேரமும் மோட்டார் சத்தம்."

பயிற்சி மேடம் சிரித்தாள். அதிலேயே இருவருக்கும் பாதி பயம் போயிற்று. கையக்கா விட்டு விட்டுச் சொன்ன வாழ்க்கைக் கதையைக் கேட்டு, கோத்து, தட்டச்சு செய்து ஒரு பேச்சைத் தயார் செய்துகொடுத்தாள் அவள். படித்துப் பார்த்தபோது கையக்காவுக்கே மயிர்க்கூச்செறிந்தது. யாரோ பெரிய ஆள் ஒருத்தியின் கதை போல இருந்தது. உச்சகட்டமாக ஒரு வரி: 'அந்தக் கூச்சக்காரியை ரோலர் பக்கத்திலேயே விட்டுவிட்டு, புதிய மனுஷியாக நான் வெளியே வந்தேன்!' அந்த இடத்தில் சற்று நிறுத்த வேண்டும். பிறகு, 'என்னை நானே அணைத்துக்கொண்டேன்' என்று சொல்லி மார்பில் கைகளைக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். 'இதோ, உலகம் என் முன்னால்' என்று இரு கைகளையும் அகல விரிக்க வேண்டும்.

"கை நல்லா பேசுதுக்கா உங்களுக்கு," என்று மெச்சினாள் பயிற்சி மேடம்.

விஷயம் கூடத்தில் தெரிந்ததும் எல்லோருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. நம்ம கையக்கா மேடையில் பேசப் போகிறாள்! துணி கொண்டுவரும் லாரி டிரைவரிடம் சொன்னார்கள், லாரி டிரைவர் மருத்துவமனைகளில் சொன்னார். அவளுடைய கணவன் சும்மா இருப்பானா? பழுது பார்க்கப் போகிற கட்டிடங்களில் எல்லாம் லிஃப்டில் ஏறுபவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாலு மாடி போறதுக்குள்ள முழுக் கதையும் சொல்லி முடிச்சிடறேன்," என்றான் பெருமையாக. "ஒருத்தர் மூணாவது மாடியில இறங்கறேன்னார். நான் விடலையே."

ஆனால் ஒத்திகை பார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒருநாள் கூடத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, சத்தம் போட்டுச் சொன்னாலும் யாருக்கும் கேட்காத இடம் இதைவிட எது என்று தோன்றியது அவளுக்கு. மடிப்பு மேசையருகே நின்று, மெஷின் இரைச்சலுக்கு நடுவே, பேச்சைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். வாய் திறந்தது. சத்தமும் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். ஒரு வரியும் மறக்கவில்லை. உச்சகட்டம் வந்தது. நிறுத்தினாள். 'என்னை நானே அணைத்துக்கொண்டேன்' என்று மார்பில் கைகளைக் குறுக்கே வைத்தாள்.

ரோலர் நின்றது.

வாஷிங் மெஷின்கள் ஒன்றன் பின் ஒன்றாக அடங்கின. கையக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உணர்ச்சியோடு சொல்ல வேண்டும் என்பது பயிற்சி மேடத்தின் உத்தரவு. 'இதோ, உலகம் என் முன்னால்' என்று கைகளை அகல விரித்து, கண்ணைத் திறந்தாள். நாலா பக்கத்திலிருந்தும் பெரிய தள்ளுவண்டிகள் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன.

அமைதியான கூடத்தில் கருகல் வாடை எழுந்தது. சூடான ரோலரைப் பாதியில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் துணி என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பழுப்பேறிய ஒரு பட்டையோடு விரிப்பை வெளியே இழுத்தாள் நாத்தனார்.

"யாருக்கு என்ன ஆச்சு? எங்க அடி?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல. பேச்சு சொல்லிப் பாத்தேன்."

பிறகு நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. "மாநாட்டுல நம்ம ஆளு பேசறப்ப வண்டியோட போகணும்டி," என்றாள் ஒருத்தி. கருகிய விரிப்பைத் துடைக்கிற துணியாக வெட்டிக்கொண்டார்கள். அன்றைக்கெல்லாம் ஆளுக்கு ஆள் மார்பில் கையைக் குறுக்கே வைத்துக் காட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு மறுநாள் மாலைவரை இருந்தது.

நாத்தனார் அதே கட்டிடத்தில் மேல் மாடியில் குடியிருந்தாள். வேலை முடிந்து போகிற வழியில் அண்ணி வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் ஏறுவாள். அன்று அவள் வந்தபோது, கையக்கா சமையலறை மேசையருகே நின்று கணவனுக்கு முன்னால் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஓசைப்படாமல் கதவோரம் நின்று கேட்டாள். முகமெல்லாம் பூரிப்பு. அவள் உதடுகூட அண்ணியோடு சேர்ந்து அசைந்தது.

"அந்தக் கூச்சக்காரியை ரோலர் பக்கத்திலேயே விட்டுவிட்டு, புதிய மனுஷியாக நான் வெளியே வந்தேன்!"

கணவன் கைதட்டினான். கையக்கா திரும்பியபோது நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு முகம் எப்போது வாடும் என்று அவளுக்குத் தெரியாதா?

"நல்லா இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ரோலர் பக்கத்துல இன்னும் நான்தான் நிக்கறேன். நீங்க விட்டுட்டு வந்தவளைப் பத்தி யாராவது கேட்டா சொல்லுங்க, பத்திரமா இருக்கான்னு."

"ஏய், அதெல்லாம் மேடைக்கு எழுதறது," என்றான் அண்ணன். "உன்னையா சொன்னா?"

"பேரைச் சொல்லித் திட்டினாதான் திட்டா அண்ணா?"

டீயைத் தொடாமல் படியேறிப் போனாள். அவள் காலடிச் சத்தம் மேலே போய், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கையக்கா வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் போலவே உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து கூடத்தில் நாத்தனார் சரியாக வேலை செய்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. காட்டுகிற சைகையைப் பார்ப்பாள், செய்வாள், குனிந்துகொள்வாள். மேலாளர் வந்தபோதுகூட மூக்கைச் சொறியவில்லை. மாநாட்டுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, அன்று தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

கையக்கா அந்த வரியைத் தனியாக எடுத்துவைத்து யோசித்தாள். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருந்தது! ஆனால் அது உண்மையா? அந்தக் கூச்சக்காரியை எங்கே விட்டாள் அவள்? இதோ, இன்று காலையில்கூட, மாநாட்டுக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது கணவனிடம் கொடுத்துப் பேசச் சொன்னாளே, அது யார்? கூச்சக்காரி அவளோடுதான் வந்திருக்கிறாள். அவளோடுதான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உண்மையில் அவள் விட்டுவிட்டு வந்தது ஒருத்தியைத்தான். அவள் கூச்சக்காரி இல்லை. அதைப் பற்றிப் பேச்சில் ஒரு வார்த்தையும் இல்லை.

பயிற்சி மேடத்திடம் போய், அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். மூன்று வாக்கியம் தேவைப்படவில்லை.

"அதான்க்கா பேச்சோட உயிரே," என்றாள் பயிற்சி மேடம். "அதை எடுத்துட்டா மீதி எல்லாம் சரிஞ்சிடும்."

"சரியட்டும் மேடம். அது பொய். நீங்க பொய் எழுதலை, நான்தான் பாதியைச் சொல்லலை."

பயிற்சி மேடம் வழக்கம் போலக் காத்திருந்தாள். கையக்கா நாத்தனாரைப் பற்றிச் சொன்னாள். வேலை கேட்கப் போன நாளிலிருந்து டீ ஆறிப்போன நாள்வரை சொன்னாள். சொல்லி முடித்தபோது தொண்டை வறண்டிருந்தது. அவ்வளவு பேசியிருந்தாள்.

"இதையே பேசுங்க," என்றாள் பயிற்சி மேடம். தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "என் பேச்சு எனக்கு. இன்னொருத்தருக்கு ஆகும். ஆனா கையில தாள் இல்லாம நிக்க முடியுமா உங்களால?"

"கை இருக்கே மேடம்."

வீட்டில் அவள் புதுப் பேச்சைக் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் இந்த முறை கைதட்டவில்லை. எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சினான்.

"இதை அவகிட்டயே போய்ச் சொல்லேன்," என்றான். "மாடிதானே."

"தனியா சொன்னா சமாதானம் பேச வந்தேன்னு நினைப்பா. எல்லார் முன்னாடியும் கொடுக்க வேண்டியதை மாடிப்படியில வச்சா கொடுக்கறது?"

"நீ மேற்பார்வையாளர் ஆனது சும்மா இல்லடி," என்றான்.

மாநாட்டுக்கு உடுத்திப் போக ஒரு புது உடுப்பு வாங்கியிருந்தாள். அதை இஸ்திரி போடுகிற உரிமைக்குக் கூடத்தில் அடிதடியே நடந்தது. காலர் ஒருத்தி, கை ஒருத்தி, முன்பக்கம் ஒருத்தி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். இத்தனை பேர் இஸ்திரி போட்டால் அது உடுப்பாகவா இருக்கும்? அட்டை மாதிரி தானாக நின்றது. "இதைப் போட்டுட்டு உக்காராதீங்க அக்கா, உடைஞ்சிடும்," என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

மாநாட்டன்று காலையில் உடுப்புப் பையைப் பிரித்தபோது கையக்கா ஒன்றைக் கவனித்தாள். இடது கை உள்ளே மடிந்து, நுனி மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே திரும்பியிருந்தது. கூடத்தில் அப்படி மடிப்பவள் ஒருத்திதான். எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளாதவள். கையக்கா அந்த மடிப்பைப் பிரிக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் துணியைத் தொட்டிருக்கிறாள். ஆனால் வருவாளா?

மண்டபம் பெரியது. எல்லா ஊர்க் கிளைகளிலிருந்தும் மேலாளர்களும் மேற்பார்வையாளர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் கணவன், யாரோ ஒருவரிடம் கதையை மூன்றாம் மாடிவரை கொண்டுபோயிருந்தான். கடைசி வரிசைகளில் கூடத்து ஆட்களில் பாதிப் பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். வேலை நேரம் மாற்றிக்கொண்டு, லாரி டிரைவரின் லாரியிலேயே வந்து இறங்கியிருந்தார்கள். கையக்கா முகம் முகமாகத் தேடினாள். அந்த முகம் இல்லை.

அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். சொந்தப் பெயர். அவள் திரும்பவில்லை. பயிற்சி மேடம் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தாள்.

மைக் முன்னால் நின்றாள். மண்டபம் அடங்கியது. அவளுக்கு அதுதான் ஆகாது. இரைச்சல் இருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பாள். இவ்வளவு அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உதடு அசைந்தது. அவ்வளவுதான். மறுபடி அசைந்தது. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் கணவன் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். ரேடியோ ரிப்பேரா என்று இப்போது யாராவது கேட்டால் அப்படியே இறங்கிப் போய்விடலாம் என்று இருந்தது அவளுக்கு.

அப்போது கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரத்தில், ஒரு கை உயர்ந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது. மெல்லத் தாழ்ந்தது.

மெதுவா விடு.

வேலை உடுப்போடு நின்றிருந்தாள் நாத்தனார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ரோலரை யார் தலையில் கட்டிவிட்டு ஓடி வந்தாளோ. மறுமுனையில் அவள் நிற்கிறாள் என்று தெரிந்ததும் கையக்காவின் கைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் மைக் இருந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். துணியைப் பிடிப்பது போல. பேச்சை மெதுவாக விட்டாள்.

"எனக்குப் பேச வராது," என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. பயிற்சி மேடம் சொன்னது சரிதான்.

"பேச வராத நான் புது மனுஷியா மாறிட்டேன்னு சொல்றாங்க. எங்க கூடத்துக்குத் தினமும் அழுக்குத் துணி வருது. ரத்தக்கறையோட வருது, மருந்து வாடையோட வருது. வெளுத்து, இஸ்திரி போட்டு அனுப்பறோம். படுக்கறவங்களுக்கு அது புதுசா இருக்கும். ஆனா எங்களுக்குத் தெரியும், அது அதே துணிதான். அதே துணி திரும்பத் திரும்ப வேலைக்கு ஆகுதுன்னாதான் அது நல்ல துணி. நானும் அதே ஆளுதான். என் கூச்சத்தை நான் எங்கயும் விட்டுட்டு வரல. கூச்சம் இல்லன்னா எல்லாரையும் மாதிரி நானும் கத்தியிருப்பேன். கத்தியிருந்தா சைகை எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். அது பள்ளிக்கூடத்துச் சிரிப்பு இல்லை. அவள் அதைக் கேட்டு, இன்னும் கொஞ்சம் துணியை விட்டாள்.

"தலைமைன்னா என்னன்னு கேட்டாங்க. எனக்கு ரோலர்தான் தெரியும். ஒரு விரிப்பை ஒருத்தர் தனியா ரோலர்ல விட முடியாது. அந்த முனையில ஒருத்தர் வேணும். சைகையைக் கண்டுபிடிச்சது கையக்கான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கையைத்தான் காட்டினேன். அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு முதல்ல பாத்துப் புரிஞ்சுகிட்டவ அந்த முனையில நின்னா. அவ குனிஞ்சிருந்தா, நான் காத்துல கையை ஆட்டின பைத்தியக்காரி. என்னை வேலைக்குக் கூட்டிட்டு வந்தவ அவ. எனக்காகப் பேசினவ அவ. என்னை மேல ஏத்திட்டு, அதே இடத்துல நின்னு இன்னிக்கும் வேலை பாக்கறவ. அவ என் நாத்தனார். நான் ரோலரை விட்டு வந்தப்ப அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரல. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். உன் கையில்லாம என் கை இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச தலைமை."

நிறுத்தினாள். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. பேச்சை எப்படி முடிப்பது என்று யோசிக்க மறந்திருந்தாள். நன்றி, வணக்கம் என்றெல்லாம் சொல்ல வேண்டுமோ? தொண்டையில் மிச்சம் ஒன்றுமில்லை. தன் ஆட்களைப் பார்த்தாள். தினமும் வேலையை எப்படி முடிப்பாளோ அப்படியே, தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி, விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

கடைசி வரிசைகள் ஒரே ஆளாக எழுந்து நின்றன. தினமும் எழுவது போலத்தான். அதைப் பார்த்து அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள். முன்வரிசையில் மேலாளர் எழுந்தார். கணவன் நாற்காலிமேல் ஏறாத குறை. எழுந்தவர்கள் சும்மா நிற்க முடியாமல் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. கையக்காவுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. பழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது போல.

மேடையிலிருந்து இறங்கி, கைகுலுக்க வந்தவர்களையெல்லாம் தலையசைப்பாலேயே தாண்டி, கதவோரத்துக்கு வந்து சேர்ந்தாள். நாத்தனார் உடுப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, மண்டபத்தையே எழுப்பி விட்டுட்டீங்க?" என்றாள்.

"நம்ம ஆளுங்க சைகையைப் பாத்துதானே எழுந்தாங்க," என்றாள் கையக்கா. "மத்தவங்க அவங்களைப் பாத்து எழுந்தாங்க. எனக்குத் தெரியாதா?"

"சைகைக்காகவா நான் அழறேன்? வேலை முடியறப்ப என்னிக்கு அண்ணி நான் அழுதிருக்கேன்?"

கையக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாத்தனார் மூக்கு நுனியை வேகமாகச் சொறிந்தாள். திரும்பிப் பார்த்தால், மேலாளர் இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"பேசச் சொல்லுவாங்க. வாங்க, ஓடிடலாம்," என்றாள் நாத்தனார்.

"இரு," என்றாள் கையக்கா. அட்டை போல நின்ற உடுப்பை நீவிவிட்டுக்கொண்டாள். நாத்தனாரின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "வரட்டும். ரெண்டு பேரும் பேசலாம்."